முதல் ஸ்டேஷனிலேயே நிறுத்தணும்

2023 ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை. சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையின் அரையிறுதிகள் இரண்டும் அன்றிரவு முடிந்தன. மலேசியா, நடப்புச் சாம்பியனான தென்கொரியாவை 6-2 என்று வென்றது. இந்தியா ஜப்பானை 5-0 என்று வென்றது. ஆட்டம் பார்த்துவிட்டுச் செங்கல்பட்டு மின்சார ரயிலில் சிங்கப்பெருமாள் கோவிலுக்குத் திரும்பிய ஐந்து தொழிலாளர்கள் வழிநெடுக ஒரே கேள்வியைத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். அரையிறுதியில் ஆறு கோல் போட்ட அணியை மறுநாள் இறுதியில் எப்படி மடக்குவது?

சிங்கப்பெருமாள் கோவில் ஹாக்கிக்குப் பேர்போன ஊர் இல்லை. அதன் பேரும் பெருமையும் பாடலாத்ரி நரசிம்மரால் வந்தவை. குன்றைக் குடைந்து எழுந்த பல்லவர் காலக் கோயில் அது. மூலவர் பாறையோடு பாறையாக இருப்பதால் அவரை வலம் வர வேண்டுமென்றால் குன்றையே சுற்றி வர வேண்டும். ஜிஎஸ்டி சாலையிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது. ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் ஆலைகள் ஒவ்வொன்றாக வந்த பிறகு, ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் மாடிக்கு மாடி அறைகள் முளைத்தன. விடியற்காலையிலும் பிற்பகலிலும் இரவிலும் கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கி ஏற்றிப் போகும். அந்த பஸ்களில் வருகிறவர்கள் தங்கள் ஊர்ப் பேச்சையும் ஊர்ச் சாப்பாட்டையும் போலவே ஊர் விளையாட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

ஆறு பேர் தங்கியிருந்த அந்த அறையில் இரண்டு பேர் கோவில்பட்டிக்காரர்கள். தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் கோவில்பட்டியை நாடறியச் செய்தவை. ஆனால் அந்த ஊரில் பிறந்தவரிடம் கேட்டால் ஹாக்கியைத்தான் முதலில் சொல்வார். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி நடக்கும் நாட்களில் அங்கே கடைக்குக் கடை அதுதான் பேச்சு. இன்னும் இரண்டு பேர் ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டத்துப் பையன்கள். இந்திய ஹாக்கியில் அந்த மாவட்டத்தின் இடம் தனியானது. முன்னாள் கேப்டன் திலீப் திர்க்கியும், 2023இல் இந்தியத் தடுப்பாட்டத்தின் தூணாக இருந்த அமித் ரோஹிதாஸும் அங்குள்ள சௌனாமாரா என்ற ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள். ஐந்தாமவர் செங்கல்பட்டுப் பக்கத்து ஆள். உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வாளர். ஹாக்கி அவருக்கு இந்த அறைக்கு வந்த பிறகு பிடித்துக்கொண்டது. ஆறாமவர் மதுரைப் பக்கத்து இளைஞர், கான்ட்ராக்ட் ஆள். அந்த வாரம் முழுவதும் அவருக்கு இரண்டாம் ஷிப்ட். எழும்பூருக்கு அவரால் ஒரு நாள்கூடப் போக முடியவில்லை.

கோவில்பட்டிக்காரர்களில் மூத்தவர் ஐம்பதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. சுந்தர்கட் பையன்களும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள், 'ச்'சை அழுத்தாமல். 2007இல் இதே எழும்பூரில் நடந்த ஆசியக் கோப்பையை அவர் நேரில் பார்த்தவர். அந்தப் போட்டியில் இந்தியா மொத்தம் 57 கோல் அடித்தது. இறுதியில் தென்கொரியாவை 7-2 என்று வென்றது. அதன்பின் 16 ஆண்டுகள் சர்வதேச ஹாக்கி சென்னைப் பக்கமே வரவில்லை. 2023 ஆகஸ்ட் 3 அன்று அரங்கின் விளக்குகள் எரிந்தபோது அண்ணாச்சி முதல் ஷிப்ட் முடித்த கையோடு, குளிக்கக்கூட அறைக்குப் போகாமல், ரயிலேறிவிட்டார். சிங்கப்பெருமாள் கோவிலில் ஏறினால் எழும்பூரில் இறங்கி நடந்தே அரங்கத்துக்குப் போய்விடலாம் என்ற ஒரு வசதி, ஒரகடம் சாலையில் தங்கியிருக்கும் ஹாக்கி ரசிகர்களுக்குப் பெரிய வரம்.

அந்தப் பத்து நாள் ஆட்டங்களின் கணக்கு தெரியாமல் அன்றிரவுப் பேச்சு புரியாது. இந்தியா முதல் ஆட்டத்தில் சீனாவை 7-2 என்று வென்றது. மறுநாள் ஜப்பானோடு 1-1. அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த பெனால்டி கார்னர்கள் 15. கோலானது ஒன்றே ஒன்று. பிறகு மலேசியாவை 5-0, தென்கொரியாவை 3-2, பாகிஸ்தானை 4-0. மலேசியா, இந்தியாவிடம் தோற்றதைத் தவிர மற்ற லீக் ஆட்டங்கள் எல்லாவற்றிலும் வென்றது. பாகிஸ்தானை 3-1, சீனாவை 5-1, ஜப்பானை 3-1, தென்கொரியாவை 1-0. லீக்கில் ஒரே ஒரு கோலில் வீழ்த்திய தென்கொரியாவுக்கு எதிராக மலேசியா இரண்டே நாளில் ஆறு கோல் போட்டது என்பதுதான் ரசிகர்களை உலுக்கியது. மலேசியாவின் பயிற்சியாளர் அருள் செல்வராஜ். எதிரணியின் பெஞ்சில் ஒரு தமிழ்ப் பெயர் இருந்தது எழும்பூர் கேலரியில் பலருக்குத் தனி மகிழ்ச்சி. அதனால் இந்தியா தோற்கட்டும் என்று நினைத்தவர் யாருமில்லை.

வண்டி தாம்பரம் வரும்வரை நின்றுகொண்டே பேச்சு நடந்தது. தாம்பரத்தில் கூட்டம் இறங்கியதும் எதிரெதிர் இருக்கைகள் கிடைத்தன. அண்ணாச்சி பையிலிருந்து கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். ஆய்வாளர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். பழைய இன்ஸ்பெக்‌ஷன் ஷீட். முன்பக்கம் அச்சடித்த கட்டங்கள், பின்பக்கம் வெறுமை. அந்த வெறும் பக்கத்தில் பேனாவால் ஒரு கோல் கம்பமும் அரைவட்டமும் வரைந்தார். அதன் மேல் அண்ணாச்சி கடலைமிட்டாய்த் துண்டுகளை வைத்தார். கோட்டுக்குப் பின்னால் ஐந்து துண்டு. அதில் பெரியது கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ்.

அண்ணாச்சியின் கட்சி எளிமையானது. "கார்னரைக் குடுக்காதே, கோலைக் குடுக்க மாட்டே. அம்புட்டுத்தான்." அவர் டோக்கியோவை எடுத்துக்காட்டினார். 2021 ஆகஸ்ட் 3 அன்று ஒலிம்பிக் அரையிறுதியில் பெல்ஜியத்திடம் இந்தியா 5-2 என்று தோற்றது. ஒரு கட்டம்வரை சமமாகப் போன ஆட்டம் அது. ஆனால் இந்தியா விட்டுக்கொடுத்த பெனால்டி கார்னர்கள் 14. பெல்ஜியத்தின் அலெக்சாண்டர் ஹென்ட்ரிக்ஸ் தனியாக மூன்று கோல் அடித்தார். அதிக கோல் அடிக்கும் அணி வட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் உடனே கோலுக்கு அடிக்க வேண்டும் என்பதில்லை. தடுக்க வருகிறவரின் காலில் பந்து பட்டால் போதும். ஸ்டிக் தவறிப் பட்டால் போதும். கார்னர் கிடைத்துவிடும். அதனால் வட்டத்துக்கு வெளியிலேயே ஆளை ஓரத்துக்கு ஒதுக்க வேண்டும், உள்ளே வந்துவிட்டால் ஸ்டிக்கைத் தரையோடு வைத்துக் காத்திருக்க வேண்டும், பாய்ந்து விழக்கூடாது என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தின் பலம் பெனால்டி கார்னரின் அமைப்பிலேயே இருக்கிறது. கார்னர் கொடுத்த அணியில் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் பின்கோட்டில் நிற்கலாம். மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். அடிக்கும் அணியோ வட்டத்தைச் சுற்றி எத்தனை பேரை வேண்டுமானாலும் நிறுத்தலாம். பின்கோட்டிலிருந்து தள்ளிவிடும் பந்து வட்டத்தைத் தாண்டி வெளியே போய் நிற்கும்; அங்கிருந்து, ஸ்டிக்கால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக்காகக் கிளம்பும். நல்ல ஃபிளிக் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுக்கும். அதைத் தடுக்க இருக்கும் முதல் ஆயுதம் கோல்கீப்பர் இல்லை. கோட்டிலிருந்து நேராக ஃபிளிக் அடிப்பவரை நோக்கி ஓடும் முதல் ரஷர். முழங்காலிலும் முகத்திலும் காப்புக் கட்டிக்கொண்டு, பந்து தன் உடம்பில் படும் என்று தெரிந்தே ஓடுகிறவர் அவர். இந்திய அணியில் அந்த வேலையை அமித் ரோஹிதாஸ் செய்துகொண்டிருந்தார்.

அந்தப் பெயர் வந்ததும் சுந்தர்கட் பையன்களில் ஒருவன் கடலைமிட்டாய்த் துண்டு ஒன்றை எடுத்து வட்டத்தின் உச்சிக்கு நகர்த்திக் காட்டினான். நாலு வருஷத்தில் கற்ற தமிழ். "அண்ணாச்சி, ரோஹிதாஸ் பாருங்க. கோல் காப்பாத்தணும்னா அவர் பின்னாடி நிக்கல. முன்னாடி ஓடறார். டீம் மொத்தமும் அப்படித்தான் ஓடணும்." அவன் கட்சி அண்ணாச்சிக்கு நேர் எதிர். அதிக கோல் அடிக்கும் அணியின் தடுப்பாட்டம் பெரும்பாலும் சோதிக்கப்படாத தடுப்பாட்டம். அதைத் தொடக்கத்திலேயே நெருக்கிவிட வேண்டும். அவர்கள் ஆறு போட்டால் நாம் ஏழு போடலாம். சான்றும் அவனிடம் இருந்தது. லீக் ஆட்டத்தில் மலேசியாவின் வலையில் ஐந்து கோல் விழுந்தது. அதில் முதல் கோலை அடித்தவர் அரியலூர்க்காரரான கார்த்தி செல்வம். அன்றிரவு ஜப்பானுக்கு எதிராகக் கடைசிக் கோலையும் அவர்தான் அடித்திருந்தார். கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்றவர் என்பதால் அண்ணாச்சியாலும் அந்தச் சான்றைத் தள்ள முடியவில்லை.

இளைய கோவில்பட்டிக்காரர் இரண்டு பேரையும் மறித்தார். அவருக்கு அந்த 5-0 நல்ல சகுனமாகத் தெரியவில்லை. "அஞ்சு வாங்குனவன் ராத்திரி தூங்கியிருக்க மாட்டான்லா. வீடியோ போட்டுப் போட்டுப் பாத்திருப்பான். அடிச்சவன் பாத்திருப்பானா?" அவர் மனதில் அந்த ஆண்டு ஜனவரி 22 இருந்தது. புவனேஸ்வரில் உலகக் கோப்பையின் கிராஸ் ஓவர் ஆட்டத்தில் இந்தியா 3-1 என்று முன்னிலையில் இருந்து, நியூசிலாந்து 3-3 என்று சமன் செய்ய, ஷூட்டவுட்டில் 4-5 என்று தோற்று வெளியேறியது. சொந்த நாட்டில், நிறைந்த அரங்கில். அந்தத் தோல்விக்குப் பிறகு பயிற்சியாளர் கிரஹாம் ரீட் பதவி விலகினார். வந்தவர் தென்னாப்பிரிக்கரான கிரெய்க் ஃபுல்டன். டோக்கியோவில் இந்தியாவை வென்று தங்கமும் எடுத்த பெல்ஜியத்தின் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். தடுத்து வெல்வது என்பதே அவருடைய கொள்கை. தடுப்பது என்றால் பின்னால் போய்க் குவிவது இல்லை. பதினொரு பேரும் பந்து பறிபோன நொடியிலிருந்து தடுப்பாட்டக்காரர்கள் ஆவது.

முன்னிலை என்பது காவல் இல்லை என்பதற்கு அண்ணாச்சியே இன்னொரு சாட்சியம் சொன்னார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக். கேப்டன் சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். இறுதியில் எதிரணி ஸ்பெயின். இந்தியா 3-0 என்று முன்னே போனது. ஸ்பெயினின் ஹுவான் அமாட் விடவில்லை. 3-2 ஆனது. முகமது ஷாஹித் நான்காவது கோலைப் போட்டார். அமாட் தன் மூன்றாவது கோலையும் போட்டு 4-3 ஆக்கினார். அந்த நிலையில்தான் இந்தியா கடைசி நிமிடங்களைக் கடந்து தங்கம் வாங்கியது. அண்ணாச்சி அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். கோவில்பட்டியில் ஒரு டீக்கடை ரேடியோ முன்னால் நின்று கேட்டிருக்கிறார். அமாட் என்ற பெயரை அவர் நாற்பது ஆண்டு கழித்தும் ஒரு மரியாதையோடுதான் சொன்னார்.

பொத்தேரி தாண்டிய பிறகுதான் ஆய்வாளர் வாயைத் திறந்தார். அன்றைய விவாதத்தில் மிகவும் புதிய கருத்து அவருடையது. ஹாக்கியைத் தாமதமாகக் கற்றவர் என்பதால் அவரிடம் ஆட்டத்தின் பழமொழிகள் இல்லை. தன் வேலையின் மொழி மட்டுமே இருந்தது. உற்பத்தி வரிசையில் ஒவ்வொரு வேலையிடத்தையும் ஸ்டேஷன் என்பார்கள். முதல் ஸ்டேஷனில் நுழைந்த பிசகு பத்தாவது ஸ்டேஷன் வரை போனால், அதோடு சேர்ந்து ஒன்பது பேரின் வேலையும் வீணாகும். "கடைசி ஸ்டேஷன்ல ஆளைப் போட்டு ரிஜெக்ட் எண்ணிக்கிட்டே இருந்தா லைன் உருப்படுமாண்ணே? கோளாறு எங்க கிளம்புதோ அங்க, முதல் ஸ்டேஷனிலேயே நிறுத்தணும்." ஸ்ரீஜேஷ் கடைசி ஸ்டேஷன். ரோஹிதாஸ் அதற்கு முந்தியவர். மலேசியாவின் கோல் அவர்களிடம் வரும்போது கிளம்புவதில்லை. மலேசியப் பின்களத்தில் ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்து முதல் பாஸைக் கொடுக்கிறாரே, அங்கே கிளம்புகிறது. அவர் தலையைத் தூக்கவே விடக்கூடாது. அவருக்கு எதிரே ஒரு முன்கள வீரர் நின்றால் போதும். பந்தைப் பறிக்கக்கூட வேண்டாம், பார்க்க விடாமல் செய்தால் போதும்.

இந்தக் கருத்துக்கு ஹாக்கியில் பெயர் உண்டு. பிரஸ் என்பார்கள். எதிரணியின் பாதியிலேயே வழிகளை அடைத்து நிற்பது முழு பிரஸ். நடுக்கோட்டுக்குப் பின்வாங்கி நிற்பது அரை பிரஸ். ஆட்கள் ஓடி ஓடிக் களைத்துப்போவார்கள் என்பதால்தான் பதினைந்து நிமிடக் கட்டங்களும் கணக்கில்லாத மாற்று ஆட்டக்காரர்களும் இந்த உத்திக்கு உதவுகின்றன. ஆனால் ஆய்வாளர் இந்தப் பெயர்களை அறியாமல், தன் ஷிப்ட் அனுபவத்திலிருந்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதுதான் கவனிக்கத்தக்கது. விளையாட்டைப் பற்றிய நல்ல சிந்தனை விளையாடியவர்களுக்கு மட்டும் உரியது என்ற நினைப்பு தவறு. அண்ணாச்சிக்கும் சுந்தர்கட் பையனுக்கும் நடந்த சண்டையை அவர் கருத்து ஒரே அடியில் தீர்த்துவிட்டது. தடுப்பதும் தாக்குவதும் இரண்டு வேலைகள் இல்லை. எதிரியின் முதல் பாஸைத் தடுக்கிற இடமே நம் தாக்குதல் தொடங்குகிற இடம்.

சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கும்போது நள்ளிரவு நெருங்கியிருந்தது. கடலைமிட்டாய் வீரர்கள் அதற்குள் தின்று முடிக்கப்பட்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. ஐந்து பேரும் மாலையிலேயே எழும்பூர் போய்ச் சேர்ந்தார்கள். சுந்தர்கட் பையன்களில் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருகிறேன் என்று சொல்லி ஷிப்ட் மாற்றியிருந்தான். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜப்பான் தென்கொரியாவை 5-3 என்று வென்றது. பிறகு இறுதி. மலேசியா இந்தக் கோப்பையின் இறுதிக்கு வந்தது அதுவே முதல் முறை. கேலரி நிரம்பி வழிந்தது. ஆய்வாளர் முந்தைய நாள் ஷீட்டின் இன்னொரு பிரதியை மடித்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். நான்கு கட்டம் போட்டிருந்தார், ஆட்டத்தின் நான்கு பகுதிகளுக்கு. மலேசியாவின் பாதியில் இந்தியா பந்தைப் பறிக்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. ஐந்தாவது கோடு குறுக்கே. ரிஜெக்ட் எண்ணும் அதே முறை.

ஒன்பதாவது நிமிடத்தில் ஜுக்ராஜ் சிங் பெனால்டி கார்னரில் கோல் அடித்தார். அரங்கம் அதிர்ந்தது. 14ஆவது நிமிடத்தில் அஸ்ராய் அபு கமல் சமன் செய்தார். 18இல் ராஸி ரஹிம் பெனால்டி கார்னரில் இரண்டாவது. 28இல் அமினுதீன் முகமது மூன்றாவது. இடைவேளையில் மலேசியா 3, இந்தியா 1.

அந்தப் பத்து நிமிட இடைவேளையை அந்த ஐந்து பேரும் பிறகு பல முறை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அத்தனை பெரிய கூட்டம் அத்தனை அமைதியாக இருந்ததை அவர்கள் முன்பு கேட்டதில்லை. இளைய கோவில்பட்டிக்காரர் சொன்னது பலித்திருந்தது. அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. ஐந்து வாங்கிய அணி பாடம் படித்துவிட்டு வந்திருந்தது. நடுவழியை அடைத்துக்கொண்டு, இந்தியா பந்தைத் தவறவிட்ட இடங்களிலிருந்து மின்னலாகக் கிளம்பியது. மலேசியாவை எப்படி மடக்குவது என்று இந்திய ரசிகர்கள் ரயிலில் பேசியதைப் போலவே, அதிக கோல் அடிக்கும் இந்தியாவை எப்படி மடக்குவது என்று மலேசியாவும் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து பேசியிருக்கிறது. 20 லீக் கோலும் அரையிறுதியில் ஐந்தும் அடித்த அணி இந்தியாதானே. இந்த எளிய உண்மை முந்தின இரவு ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ரசிகன் தன் அணியை எதிரியின் கண்ணால் பார்ப்பது அரிது. அன்றைய அரை மணி நேரம் அதைப் பார்க்க வைத்தது.

ஆய்வாளரின் தாளில் முதல் இரண்டு கட்டங்களில் கோடுகள் சொற்பம். அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது பகுதியில் கோடுகள் நெருங்கத் தொடங்கின. இந்திய முன்களம் பத்து அடி முன்னால் ஏறி நின்றது போலிருந்தது. மலேசியப் பின்களத்தின் பாஸ்கள் பக்கக்கோட்டைத் தாண்டின. அல்லது நீலச் சட்டையின் ஸ்டிக்கில் வந்து விழுந்தன. ஆனால் கோல் வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பகுதி முடிய ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது பெனால்டி ஸ்டிரோக் கிடைத்தது. கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் அடித்தார். 2-3. அந்த ஆரவாரம் அடங்குவதற்குள், அதே 45ஆவது நிமிடத்திலேயே, குர்ஜந்த் சிங் அடுத்ததை அடித்தார். 3-3. உட்கார்ந்திருந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆய்வாளர் கோடு போட மறந்துபோன இடம் அது ஒன்றுதான். பிறகு நினைவிலிருந்து போட்டார். சுந்தர்கட் பையன் அண்ணாச்சியின் தோளைப் பிடித்து உலுக்கி ஒடியாவில் ஏதோ கத்தினான். அண்ணாச்சி தமிழில் பதில் கத்தினார். இருவருக்கும் புரிந்தது.

கடைசிப் பகுதியில் 56ஆவது நிமிடத்தில் மன்தீப் சிங் தந்த பந்தை ஆகாஷ்தீப் சிங் வட்டத்தின் விளிம்பிலிருந்து வலைக்குள் அறைந்தார். 4-3. மிச்சமிருந்த நான்கு நிமிடங்களில்தான் அண்ணாச்சியின் கட்சி தன் நியாயத்தை நிலைநாட்டியது. மலேசியா ஏறி வந்தபோது இந்தியத் தடுப்பாட்டக்காரர்கள் யாரும் பாய்ந்து விழவில்லை. ஸ்டிக்கைத் தாழ்த்தி, ஆளை ஓரத்துக்கு ஒதுக்கி, நேரத்தைக் கரைத்தார்கள். முந்தைய நாள் அரையிறுதியில் தன் 300ஆவது சர்வதேச ஆட்டத்தை ஆடிய ஸ்ரீஜேஷ் பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். மணி ஒலித்தது. இந்தியா நான்காவது முறையாக ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்றது.

இந்த ஆட்டத்தை வைத்து ஒரு முடிவுக்கு வரலாம். அதிக கோல் அடிக்கும் அணியை நாக் அவுட்டில் வெல்ல ஒரே வழி என்று ஒன்று கிடையாது. ஆனால் வழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. பின்தங்கியிருக்கும்போது முதல் ஸ்டேஷனில் நிறுத்துவது முதலில் வர வேண்டும். முன்னிலை வந்த பிறகு கார்னர் கொடுக்காமல் இருப்பது. லீக்கில் அடித்த கோல்களை எந்த நேரத்திலும் கணக்கில் சேர்க்காமல் இருப்பது இரண்டுக்கும் அடிப்படை. இந்தியா அன்று மூன்றாவதை முதல் முப்பது நிமிடம் மறந்தது. மீதி முப்பது நிமிடத்தில் முதலிரண்டையும் செய்து மீண்டது.

ஷிப்டில் இருந்த ஆறாமவருக்கு அன்று ஆட்டம் பார்க்கக் கிடைக்கவில்லை. வேலை இடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் வைத்துவிட வேண்டும். இரவில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் போனை எடுத்து அண்ணாச்சியை அழைத்தார். எழும்பூர் நடைமேடையில் கூட்ட இரைச்சலுக்கு நடுவே அண்ணாச்சிக்குச் சரியாகக் காது கேட்கவில்லை. மறுமுனையில் கேட்ட முதல் கேள்வி ஜெயித்தோமா என்பது இல்லை. "அண்ணாச்சி, எத்தனை கார்னர் குடுத்தோம்?" முந்தின இரவு விவாதம் முழுவதையும் காலையில் அறையில் அவருக்கு ஒப்பித்திருந்தார்கள். அண்ணாச்சி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிரித்தார். பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர்கள் போனைப் பறித்து ஸ்கோர் கேட்டார்கள். ஒரகடத்திலிருந்து வரும் வழியெல்லாம் அந்த பஸ்ஸில் ஹாக்கிப் பேச்சு ஓடியது.

ஆய்வாளரின் தாளை அறைச் சுவரில் செல்லோடேப் போட்டு ஒட்டினார்கள். கோடுகள் மூன்றாம் கட்டத்தில் அடர்ந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். அதன் அருகில் பிறகு வேறு தாள்கள் சேர்ந்தன. 2024 ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி: 17ஆவது நிமிடத்தில் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பத்து பேரோடு ஆடி 1-1 என்று தாக்குப்பிடித்து, பிரிட்டனை ஷூட்டவுட்டில் 4-2 என்று வென்ற நாள். சுந்தர்கட் பையன்கள் அன்று சாப்பிடவில்லை. தங்கள் ஊர்க்காரர் அரையிறுதியிலும் ஆட முடியாது என்பது அவர்களுக்கு வெற்றியையும் மீறிய வருத்தம். ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்ற அந்த அரையிறுதியில் முதல் ரஷர் இல்லாத குறை தெரிந்தது என்று அவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆகஸ்ட் 8 அன்று ஸ்பெயினை 2-1 என்று வென்று இந்தியா வெண்கலம் எடுத்தது.

அந்த அறையில் இப்போது பழைய ஆட்கள் மூவர்தான். சுந்தர்கட் பையன்களில் ஒருவன் ஊருக்குத் திரும்பிவிட்டான். இளைய கோவில்பட்டிக்காரர் கல்யாணமாகி மறைமலைநகரில் குடித்தனம் வைத்திருக்கிறார். மதுரைப் பக்கத்து இளைஞர் வேறு வேலைக்குப் போய்விட்டார். 2025 டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பையின் ஆட்டங்கள் எழும்பூரில் நடந்தபோது, மீதிப் பேரும் மறைமலைநகரிலிருந்து ஏறிக்கொண்டவரும் அதே ரயிலில் போனார்கள். அரையிறுதியில் ஜெர்மனி இந்தியாவை 5-1 என்று தோற்கடித்தது. ஆய்வாளர் கொண்டுபோன தாளில் அன்று நான்கு கட்டங்களும் கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தன. டிசம்பர் 10 அன்று மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்துக்கும் அவர்கள் போனார்கள். சுவரில் கடைசியாக ஒட்டிய தாள் அன்றையது. இந்தியா 4, அர்ஜென்டினா 2.